சட்டைப் பையில் ஒரு கெண்டை

துறை மலருக்குக் கட்டுரை தருமாறு பணிக்கப்பட்டபோது, சங்க இலக்கியத்தில் மீன்கள் குறித்து முன்பு எடுத்து வைத்த குறிப்பேடு ஒன்று நம் மேசைமீது இருந்தது. அயிரை, கயல், கெண்டை, வாளை, வரால் என்று வரிசைப்படுத்தி ஆறு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் அமர்ந்தோம். ஆனால் எழுதுகோலை எடுத்ததும் நினைவில் துள்ளியது வேறொரு கெண்டை. அது ஆற்றிலோ ஏரியிலோ வாழ்ந்ததன்று. நம் சட்டைப் பையில், ஒரு கைப்பேசிக்குள், மூன்று திங்களுக்கு மேல் வாழ்ந்தது. அது வளர்ந்தபின் அதற்கு எந்த அடியைக் கற்பிப்பது என்னும் சிக்கலில் நாம் பட்ட பாட்டையே இங்கு எழுதத் துணிகிறோம். இலக்கிய மலரில் கைப்பேசி விளையாட்டுக்கு என்ன வேலை என்று மூத்த பேராசிரியர்கள் புருவம் உயர்த்தக்கூடும். முற்றும் படித்தபின் கடிந்துகொள்வார்களாக.

போக்கிமான் என்னும் பெயரை மாணவ நண்பர்கள் நம்மினும் நன்கறிவர். நம்மையொத்தோர்க்காகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்த சதோஷி தாஜிரி என்னும் ஜப்பானியர், அந்த மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்கும் தர எண்ணி ஆக்கிய விளையாட்டு இது. 1996 பிப்ரவரியில் கையடக்கக் கருவியில் ஆடும் ஆட்டமாக ஜப்பானில் வெளிவந்தது. நயான்டிக் நிறுவனம் 2016 ஜூலையில் இதனைப் ‘போக்கிமான் கோ’ என்ற பெயரில் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆடுபவர் உண்மையான சாலைகளில் நடக்க வேண்டும். நடக்கும் வழியில் கைப்பேசித் திரையில் விந்தை உயிர்கள் தோன்றும். அவற்றைப் பிடித்து வளர்த்துப் போருக்கு அனுப்ப வேண்டும். நம் நாட்டுக்கு 2016 டிசம்பரில் இது முறைப்படி வந்தபோது நம் மகனுக்கு வயது ஒன்பது.

இவ்விளையாட்டில் முட்டைகளும் உண்டு. இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பொரியும் முட்டை, ஐந்து நடந்தால் பொரிவது, பத்து நடந்தால் பொரிவது எனப் பலவகை. “அத்தா, இன்னும் 800 மீட்டர் நடந்தா குஞ்சு வந்துடும்” என்று அவன் நம் கையைப் பிடித்து இழுத்த நாள்களில், நாமக்கல்லுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு ஒரு முட்டைக்காக இப்படி நடக்கிறானே என்று நகைத்திருக்கிறோம். நாமக்கல் கோழிப்பண்ணையின் வெள்ளை முட்டையை எத்தனை கிலோமீட்டர் சுமந்தாலும் குஞ்சு பொரியாது என்பது வேறு செய்தி. அது சேவல் சேராமல் இடப்பட்டது, உண்பதற்கென்றே ஆனது.

2023 ஜூனில் மகன் மேனிலை முதலாண்டில் சேர வேண்டிய வேளை வந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர்க்கு விடுதியோடு கூடிய பள்ளிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் பெட்டியும் வாளியுமாக வந்திறங்கும் நிலம் இது. ‘பிராய்லர்’ என்னும் அடைமொழியை இப்பள்ளிகளுக்கு எவர் முதலில் சூட்டினாரோ அறியோம். கோழிப்பண்ணைகளுக்கு இடையில் அமைந்தமையால் அப்பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும் என்பது நம் தாயாரின் நெடுநாள் ஆசை. நமக்கும் அது உடன்பாடே. மகனை அத்தகைய பள்ளி ஒன்றில் உயிரியல் பிரிவில், நீட் பயிற்சியோடு சேர்த்தோம். அவனிடம் கேட்டோமா என்றால், கேட்டோம், “நல்லாப் படிப்பல்ல?” என்று கேட்டோம். அவனும் தலையசைத்தான்.

விடுதியில் கைப்பேசிக்கு இடமில்லை. புறப்படும் நாளில் தன் கைப்பேசியை நம்மிடம் தந்து அவன் வேண்டிக்கொண்டது இது ஒன்றுதான்: “சுபுஹு தொழுதுட்டு நடக்கப் போறப்ப இதைப் பையில போட்டுக்குங்க அத்தா. மேஜிகார்ப்பை நான் துணையா வச்சிருக்கேன். ஒரு கிலோமீட்டர் நடந்தா ஒரு மிட்டாய் சேரும். நானூறு சேர்ந்தா அது கியாரடோஸ் ஆகும். 163 இருக்கு.”

மேஜிகார்ப் என்பது கெண்டை. விளையாட்டிலுள்ள உயிர்களுள் இதனினும் பயனற்றதைக் காண்பது அரிது. துள்ளுவதும் திணறுவதுமே அதற்குத் தெரிந்த கலைகள். துள்ளலால் எதிரிக்கு ஒரு துரும்பளவும் தீங்கில்லை. ஆனால் நானூறு மிட்டாய் உண்டபின் அது சீறும் பாம்புடலும் கொம்பும் மீசையும் கொண்ட பேருருவாக மாறும். அப்பெயர் மாற்றத்தை மகன் சொன்னபோது நமக்குக் கூத்தாடிகளின் அரிதாரம் நினைவுக்கு வந்தது.

சேலத்தில் நம் வீட்டிலிருந்து கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குச் சென்று திரும்ப மூன்று கிலோமீட்டர். இன்னும் 237 மிட்டாய் வேண்டும், எழுபத்தொன்பது விடியல்கள். காய்ச்சலில் கிடந்த நாள்களும் தேர்வுப்பணி நாள்களும் போக, செப்டம்பர் இறுதியில் கணக்கு நிறைந்தது. விளையாட்டைத் திறந்து வைத்திருக்கக்கூட வேண்டியதில்லை. பையில் கைப்பேசி கிடந்தாலே காலடித் தொலைவைக் குறித்துக்கொள்கிறது. இடையிடையே திரையைத் திறந்து பார்ப்போம். சேலத்து வரைபடத்தின்மேல் நம் உருவாக ஒரு சிறுவன் நிற்பான். காலடியில் கெண்டை கிடந்து துள்ளும். வீட்டில் மகன் இல்லாத வெறுமையை அந்தத் துள்ளல் எவ்வளவு குறைத்தது என்பதை நம் வீட்டாரிடம்கூடச் சொன்னதில்லை.

நானூறாம் மிட்டாய் சேர்ந்த அன்று, அவன் கற்பித்துச் சென்றபடி பொத்தானை அழுத்தினோம். வெண்சுடர் பரவி, கெண்டை மறைந்து, நீலப் பேருரு எழுந்தது. அதனோடுதான் சிக்கலும் எழுந்தது.

இவ்விளையாட்டில் ஒவ்வோர் உயிர்க்கும் அடிப்படையாக இரண்டு அடிகள் உண்டு. விரைந்து விரைந்து விழுவது ஒன்று. அதைச் சிற்றடி என்போம். சிற்றடிகளால் ஆற்றல் சேர்ந்தபின் ஓங்கி விழுவது மற்றொன்று, அது பேரடி. (யாப்பு நடத்துபவன் வாயில் ‘அடி’ என்னும் சொல் எளிதில் வந்துவிடுகிறது.) உருமாறும்போது எந்த அடிகள் வாய்க்கும் என்பது நம் கையில் இல்லை; குலுக்கல்போல் அமையும். நமக்கு வாய்த்தவை ‘பைட்’ என்னும் கடியும் ‘ட்விஸ்டர்’ என்னும் சுழற்காற்றும். பிடிக்கவில்லையெனில் ‘டி.எம்.’ எனப்படும் ஒரு பொருளைச் செலவிட்டு மாற்றலாம். மாற்றினாலும் வருவது குலுக்கலே. வேண்டியதைத் தேர்ந்துகொள்ள உதவும் உயர்ந்த டி.எம். ஒன்று உண்டு; அது அரிதாகக் கிடைப்பது, மகனிடம் இல்லை. அவன் சேர்த்து வைத்திருந்தவை சிற்றடிக்கு நான்கு, பேரடிக்கு மூன்று.

விடுதியிலிருந்து ஞாயிறுதோறும் பத்து நிமிடம் பேச விடுவார்கள். நாம் செய்தி சொன்னதும், “மாத்திடாதீங்க அத்தா, நான் வந்து பாத்துக்கறேன்” என்றான். நாம் மாற்றினோம். ஏன் என்று கேட்டால், நன்மை செய்யும் ஆர்வம் என்பதன்றி வேறு விடையில்லை. அவன் வரும்போது அணியமாக இருக்க வேண்டும் என்று எண்ணினோம். அந்த உருவத்தை நோக்கினோம். படங்களில் காணும் சீனத்துப் பறவைநாகம்போலவே, டிராகன்போலவே இருந்தது. டிராகனுக்கு டிராகன் அடியே தகும் என்று முடிவு கட்டினோம். சிற்றடிக்கு ஒரு டி.எம். செலவிட, ‘வாட்டர்ஃபால்’ என்னும் அருவி வந்தது. அருவியா, இது மென்மையாயிற்றே என்று மீண்டும் மாற்ற, கடி திரும்பி வந்தது. மூன்றாவதில் மீண்டும் அருவி. நான்காவதில் மீண்டும் கடி. தீர்ந்தது. பேரடியில் சுழற்காற்று போய் ‘ஹைட்ரோ பம்ப்’ என்னும் நீர்ப்பீச்சு வந்தது, அதைக் கழித்தோம். ‘கிரஞ்ச்’ என்னும் நொறுக்கு வந்தது, அதையும் கழித்தோம். கடைசியில் ‘அவுட்ரேஜ்’ வந்தது. பெருஞ்சினம், டிராகன் வகை. நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன்போல் உவகையோடு உறங்கினோம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பெற்றோர் காணும் நாள். ராசிபுரம் வழியாக நாமக்கல் சென்று, நெய்ச்சோற்றுத் தூக்கோடு விடுதி வேப்பமரத்தடியில் அமர்ந்தோம். மகன் உண்ணுமுன் மீனைக் கேட்டான். சொன்னோம். அவன் சினந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். சிரித்தான்.

“அது டிராகன் இல்ல அத்தா. பாக்கத்தான் அப்படி இருக்கும். அது நீர் வகை, பறத்தல் வகை. ரெண்டுதான்.”

பிறகு விரலால் மண்ணில் எழுதிக் காட்டினான். விளையாட்டில் நெருப்பு, நீர், புல், மின், பாறை என்று பதினெட்டு வகைகள். ஓர் உயிர் தன் வகைக்குரிய அடியையே அடித்தால் அதன் வலிமை 1.2 மடங்காகும். எதிரியின் வகைக்கு அது பகையாயின் மேலும் 1.6 மடங்கு. ஆகவே கியாரடோஸ் அருவியால் நெருப்பு உயிரை அடித்தால் 1.92 மடங்கு. அதே உயிரைக் கடித்தால், அல்லது பெருஞ்சினம் கொண்டு தாக்கினால், வெறும் ஒரு மடங்கு. கடி இருள் வகை. பெருஞ்சினம் டிராகன் வகை. இரண்டுமே அதற்குரியவை அல்ல. மழை பெய்தால் நீரடிக்கு இன்னொரு 1.2 கூடும், 2.3-க்கு மேல் போய்விடும் என்றான். நம் சேலத்தில் மழைக்கு எங்கே போவது என்று கேட்டோம். வானம் தெளிந்திருந்தால் நெருப்பு, புல், நில அடிகளுக்கு ஏற்றம் என்றான். விளையாட்டு, அவ்விடத்து வானிலையைப் பார்த்து அடியின் வலிமையைக் கூட்டுகிறதாம்.

இங்கே நமக்கு உடல் சிலிர்த்தது, பொய்யன்று. கருப்பொருள் பற்றி ஆய்வு செய்து ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவர் நாம். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உயிர்கள் கரு. அவற்றுக்குரிய ஒழுக்கம் உரி. இவற்றுள் உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்பது தொல்காப்பியர் தரும் இடம். பதினெட்டு ஆண்டுகளாக இதனைக் கரும்பலகையில் எழுதுகிறோம். நீர்வாழ் உயிர்க்கு நீரடியே உரித்து என்பது முதலாண்டு மாணவனும் சொல்லக்கூடியது. நாமோ தோற்றத்தை நோக்கி வகையைத் தீர்மானித்தோம். கைக்கு வந்த உரிய அடிகளை ஒன்றல்ல, மூன்றுமுறை கழித்தோம்.

“அப்படியானால் எதுதான் நல்ல அடி?” என்று கேட்டோம்.

“எதுக்கு அத்தா?” என்றான்.

அவன் விளக்கியது இது. பலர் சேர்ந்து ஒரு பெரும் உயிரை வீழ்த்தும் ‘ரெய்டு’க்குச் செல்வதானால் கியாரடோசுக்கு அருவியும் நீர்ப்பீச்சும் நல்லவை. ஆனால் ஒருவரோடு ஒருவர் பொருதும் போட்டியில் கணக்கு மாறும். அங்கே வலிமைக்கு உச்சவரம்பு கட்டிய களங்கள் உண்டு. ஒரு களத்தில் 1500, மற்றொன்றில் 2500. ஆளுக்கு இரண்டு கேடயங்கள் உண்டு. வலிய பேரடியைக் காத்திருந்து அடித்தால் எதிரி கேடயத்தால் தடுத்துவிடுவான். ஆகவே விரைவில் கூடிவரும் எளிய பேரடி சில வேளை மேலாகும். அங்கே கியாரடோசுக்குப் பலரும் விரும்புவது ‘டிராகன் பிரெத்’ என்னும் நாக மூச்சு. தன் வகை இல்லைதான். ஆனால் அரை நொடிக்கு ஒருமுறை விழும், அதைத் தாங்கி நிற்கும் உயிர்கள் குறைவு. ஆக நாம் தேடியதும் முழுத் தவறில்லை என்று நம்மைத் தேற்றினான். எந்தக் களம் என்று தெரியாமல் தேடியதுதான் குறையாம்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சற்றுத் தள்ளித் தெரிந்துவினையாடல் வருகிறது. இன்ன வினைக்கு இன்னவன் என்று ஆராய்ந்து ஒப்படைப்பது பற்றியது. அரசனுக்குச் சொன்னது என்று வகுப்பில் சொல்லிவிட்டு நகர்வது நம் வழக்கம்.

கொங்கு நாட்டில் இது புதிதுமன்று. நாம் சிறுவராக இருந்தபோது, பரமத்தி வேலூர்ப் பக்கம் அண்டை வீட்டார் ஒருவர் கட்டுச்சேவல் வளர்த்தார். பொங்கலையொட்டிக் கரூர் வட்டாரத்துப் பூலாம்வலசு முதலிய ஊர்களில் நடக்கும் சேவற்கட்டு அவர்க்கு உயிர். சேவலின் இறகு நிறம் பார்த்து வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்தாகப் பிரிப்பார். பட்சி சாத்திரப்படி ஒவ்வொன்றுக்கும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று ஐந்து தொழில்கள்; அவை பொழுதுக்குப் பொழுது மாறும். தன் சேவல் அரசிலும் எதிர்ச்சேவல் துயிலிலும் இருக்கும் நாழிகைக்காகக் காலையிலிருந்து மரத்தடியில் காத்துக் கிடப்பார். சூது நடக்கும் இடத்துக்குப் போனாயா என்று நம் தந்தையார் புளியம் விளாறு எடுத்ததும் நினைவிருக்கிறது. அந்தச் சாத்திரத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. சேவலின் காலில் கத்தி கட்டுவதிலோ அறவே உடன்பாடில்லை. ஆனால் அவர் தம் சேவலை அறிந்திருந்தார். குறுந்தொகையில், தூண்டுவாரும் விலக்குவாருமின்றிக் குப்பைமேட்டில் தாமே பொருதுகொள்ளும் கோழிகளை உவமையாக்கி, அவ்வுவமையாலேயே குப்பைக்கோழியார் என்று பெயர் பெற்ற புலவர் ஒருவர் உண்டு. நம் அண்டை வீட்டாரின் சேவலுக்குத் தூண்டுபவரும் உண்டு, விலக்குபவரும் உண்டு.

அன்று வேப்பமரத்தடியில் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் மகன் மீனைப் பற்றியே பேசினான். பாடங்களைப் பற்றி நாம் கேட்டபோது, “போகுது அத்தா” என்றான்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது அவன் பையிலிருந்து விலங்கியல் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினோம். முன்பக்கங்களில் தவளையின் குருதியோட்டம் பாதி வரைந்த நிலையில் நின்றிருந்தது. பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் வேறோர் உலகம். பதினெட்டுக்குப் பதினெட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 1.6, 0.625 என்று எண்கள். இன்ன அடி இத்தனை எதிரிகளை வெல்லும், இத்தனையிடம் தோற்கும் என்று சராசரி. இன்னின்ன உயிர்கள் களத்தில் எத்தனை முறை எதிர்ப்படும் என்று அவனே கணித்துச் சராசரியைத் திருத்திய இரண்டாம் அட்டவணை. கைப்பேசியில்லாத விடுதியில், விளக்கணைத்தபின் போர்வைக்குள் எழுதியவை. கணிதத் துறை நண்பரிடம் காட்டினோம். “இதை யார் சொல்லிக் கொடுத்தார்?” என்றார். எவரும் சொல்லித் தரவில்லை.

அக்கணமே நாம் திருந்திவிட்டதாக எழுதினால் அது கதையாகும். ஓராண்டுக் கட்டணம் கட்டியாயிற்று. தாயார் அண்டை அயலாரிடமெல்லாம் சொல்லியாயிற்று. குறிப்பேட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். மகன் இரண்டாம் ஆண்டும் அங்கேயே படித்தான். 2025 மே 4 அன்று நீட் எழுதினான். தேர்வு மையத்துக்கு வெளியே, வெயிலில், நூற்றுக்கணக்கான பெற்றோரோடு நாமும் நின்றோம். ஜூனில் முடிவு வந்தது. மதிப்பெண் போதவில்லை. இன்னும் ஓராண்டு அங்கேயே தங்கிப் பயிற்சி பெறலாம் என்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள்.

பணத்தோடு நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினோம். மகன் உடன் வந்தான். சன்னலோரம் அமர்ந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மல்லூர் தாண்டி, ஆண்டகளூர் கேட்டில் வண்டி நின்றது. முட்டை ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. நமக்கு அந்த நேரத்தில் ஏன் அப்படித் தோன்றியதோ, அவனிடம், “இன்னொரு வருசம் படிக்கிறது நல்லதுதானே?” என்று கேட்டுவிட்டோம். அவன் நிமிர்ந்து பார்த்தான். ‘எதுக்கு’ என்று கேட்பான் என்று அஞ்சினோம். கேட்கவில்லை. “நீங்க சொன்னா சரி அத்தா” என்றான்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. நடத்துநர் விசில் ஊதுமுன் இறங்கிவிட்டோம். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, அவனிடம் கேட்க வேண்டியதை இரண்டாண்டுக் காலம் தாழ்த்திக் கேட்டோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “புள்ளியியல் படிக்கணும்” என்றான். எதிர்ச்சாரியில் வந்த சேலம் பேருந்தில் திரும்பினோம். தாயாரிடம் சொல்லும் பொறுப்பு நம்முடையதாயிற்று; அது தனிக் கதை. ஒரு வாரம் அவர் நம்மோடு பேசவில்லை.

இப்போது அவன் இளம் அறிவியல் புள்ளியியல் படிக்கிறான். நயான்டிக் நிறுவனம் தன் விளையாட்டுப் பிரிவை 2025-இல் ஸ்கோப்லி என்னும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது என்றும், அதனால் ஆட்டத்தில் பெரிய மாற்றமில்லை என்றும் சொன்னான். முன்போல் அவன் ஆடுவதில்லை, நேரமில்லையாம். அந்தக் கைப்பேசி இன்றும் நம் விடியல் நடையில் சட்டைப் பையிலேயே வருகிறது. டி.எம். இரண்டொன்று மீண்டும் சேர்ந்திருக்கின்றன. சென்ற மாதம், கியாரடோசுக்கு அருவியையும் நீர்ப்பீச்சையும் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டோம்.

“வேணாம் அத்தா, அது கடிச்சிட்டே இருக்கட்டும்” என்றான். “வேற மேஜிகார்ப் ஒண்ணு வச்சிருக்கேன். 212 மிட்டாய் சேந்திருக்கு. நீங்க நடங்க.”